சிரித்தால் விழுபவள்

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் செண்பகம் சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டினால் எல்லாரும் சிரிப்பார்கள். பக்கத்து சீட்டு மெர்சி மட்டும் சிரித்தபடியே சரிந்து கீழே விழுவாள். உடனே யாராவது வீட்டுச் சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பார்கள். வலிப்புக்கு இரும்பு என்பது அவர்கள் கணக்கு.

மெர்சிக்கு வந்தது வலிப்பே இல்லை. நினைவு தப்பாது. கைகால்தான் ஒரு நிமிஷம் துவண்டுவிடும், வாய் திறக்க வராது. "பாவம், இவள எவன் கட்டிக்குவான்" என்பது வரை எல்லாம் காதில் விழும். எழுந்ததும் எதுவும் கேட்காதவள் போல முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

சென்னை டாக்டர் ஒருவழியாக நோய்க்குப் பெயர் சொன்னார். இனி சாவிக்கொத்து வேண்டாமே என்ற ஆசையில் மறுநாள் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

"வலிப்பு இல்லக்கா. சிரிச்சா உடம்பு உட்டுடும், அவ்ளோதான். தானா செரியாயிடும். புடிச்சிக்கினா போதும்."

"சிரிச்சா வுழுற சீக்கா? இன்னாடி இது, கேள்விப்பட்டதே இல்ல," என்றாள் முன் சீட்டு கெங்கம்மாள். "ஒழுங்கா நாஷ்டா துண்ணு, எல்லாம் போயிடும்."

விக்டோரியா ஜெப எண்ணெய் கொண்டுவருவதாகச் சொன்னாள். செண்பகத்தின் முகம்தான் வெளுத்துவிட்டது.

"அப்போ இத்தினி நாளா நான்தான் உன்ன வுழ வச்சிக்கினு இருந்தேனா?"

"அப்டி இல்லடி. நீ பேசு. எனக்கு அதான் வேணும்."

செண்பகம் பேசிக் காட்டுவதையே விட்டுவிட்டாள். மறுநாள் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். மெர்சி ஏறினாலே பஸ் துக்க வீடு மாதிரி அடங்கியது. எல்லாரும் அவள்மேல் அத்தனை அக்கறையாக இருந்தார்கள். அக்கறை காட்டுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? செண்பகத்திடம் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தாள். "உனக்கு எதுனா ஆச்சின்னா என்னால தாங்க முடியாதுடி" என்று அவள் அழுதுவிட்டாள்.

பத்து நாளாக மெர்சி விழவே இல்லை. "பாத்தியா, ஜெப எண்ணெ வேல செய்யுது" என்றாள் விக்டோரியா.

அன்று சாயங்காலம் மெர்சி தன் ஸ்டாப்பில் இறங்கினாள். பஸ் பத்தடி நகர்ந்திருக்காது, ஜன்னல் வழியே செண்பகத்தின் சூப்பர்வைசர் குரல் வந்தது. பின்னாலேயே பஸ் முழுக்கச் சிரிப்பு, இவள் இறங்கட்டும் என்று அடக்கி வைத்திருந்த சிரிப்பு. மெர்சி ரோட்டோரம் நின்று கேட்டாள். கால் கொஞ்சமும் மடங்கவில்லை. கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.