உத்தமியின் கை

பியோன் குலத்தார் அனைவருக்கும், சுற்றுவட்டாரத்துக்கும், எதிரில் உள்ள மலைக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நம் குலத்து உத்தமிக்கு, முந்நூறு ஆண்டு தாமதமாக, ஒரு முகம் கிடைக்கப்போகிறது.

புருஷன் சாகக் கிடந்தபோது தன் மோதிர விரலை அறுத்து அவன் வாயில் ரத்தம் விட்டவள் அவள். அவன் இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போனான். அந்த நாள்களில் என்ன சாதித்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பின்னாலேயே இவளும் பட்டினி கிடந்து செத்தாள். அரசர் வாசலில் சிவப்பு வளைவு எழுப்பி, வீட்டுக்கு வரியை நீக்கினார். அன்று முதல் இந்தக் குலத்துக்குக் கற்பின்மேல் அபார நம்பிக்கை.

மூத்த மருமகள் மால்சூன். வருகிற திதிக்கெல்லாம் சமைப்பது அவள். குலக்கோயிலுக்குள் போய் விழுந்து கும்பிடுவது ஆண்கள். ஒரு திதிக்கு முந்தின நாள் மாவு மில்லின் உருளை அவளுடைய மோதிர விரலைப் பாதியோடு வாங்கிக்கொண்டது. அப்போதும் அரிசிப் பலகாரம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நல்லவேளை என்றார்கள், பலகாரத்தைப் பற்றி.

உத்தமியின் படத்தை வரைய சியோலிலிருந்து வந்த ஓவியர் முகத்துக்கு மாதிரி கேட்டார். குலத் தலைவர், அதாவது மால்சூனின் பெரிய மாமனார், வழித்தோன்றல்களின் சாயல்தான் வேண்டும் என்று ஆண்களை வரிசையாக உட்காரவைத்தார். தன்னை முன்வரிசையில்.

பார்லி டீ கொண்டுவந்த மால்சூன் வாயை அடக்கியிருக்கலாம்.

“அவங்களும் என்னை மாதிரி வேற வீட்டுல இருந்து வந்தவங்கதானே, மாமா? உங்க சாயல் எப்படி வரும்?”

“கட்டிக்கிட்டு வந்தப்புறம் அவங்க நம்ம ரத்தம்மா.”

“அப்போ நானு?”

“நீ போய் அடுப்பைப் பாரு.”

ஓவியரின் கண் மட்டும் கோப்பையைப் பிடித்திருந்த அவளுடைய பாதி விரலில் நின்றது. கைக்கு இவர்தான் மாதிரி என்று பிடிவாதமாகச் சொன்னார். அப்படித்தான் மால்சூன், கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக, ஆண்கள் கூடத்தில் சும்மா உட்கார்ந்தாள். மடியில் கை. வெளியே மறைத்தே பழகிய விரலை ஒருவர் உற்றுப் பார்த்து வரைந்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது; பிறகு இல்லை.

“இனிமே எல்லா ஆம்பளையும் உங்க விரல் முன்னாடி குப்புற விழுவாங்கக்கா,” என்றாள் ஓர்ப்படி, முள்ளங்கி நறுக்கியபடி. “எங்க வீட்டுக்காரர் விழறப்போ கொஞ்சம் நேரம் எடுத்துக்கச் சொல்லுங்க.”

மால்சூன் அதட்டினாள். ஆனால் அன்று இரண்டு முறை கை கழுவி, விரலை விளக்கில் பார்த்தாள். நான் போனாலும் இது அங்கே இருக்கும் என்று தோன்றியது.

படம் முடிகிற சமயத்தில் குலத் தலைவர் ஓவியரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். ஓவியர் அதன்பிறகு மால்சூனின் முகத்தைப் பார்க்கவில்லை.

திறப்பு விழாவன்று பெண்கள் அடுக்களையில் இருந்தார்கள். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது. குலத்துக்காக விரலையே ஈந்த கை என்று சொல்லும்போது தலைவரின் குரல் தழுதழுத்தது. ஆண்கள் விழுந்து எழுந்து சாப்பிடப் போனபின், பாத்திரம் எடுக்க மால்சூன் குலக்கோயிலுக்குள் நுழைந்தாள்.

படத்தில், மீசை எடுத்த குலத் தலைவர் பட்டுப் பாவாடையில் அமர்ந்திருந்தார். அவள் படத்தின் மடியைப் பார்த்தாள்.

பத்து விரலும் முழுதாக இருந்தன.