காத்தாயிக்குக் கண் வரைந்தது

நாற்காலிமேல் ஏறி நின்று, பெட்டிக்குள் கிடந்த மாமியாரின் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்தாள் மார்ஜரி. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். பிளாஷ் அடித்தது. காத்தாயி கண் திறக்கவில்லை. செத்தவள் எங்கே திறப்பாள்.

உயிரோடு இருந்தவரைக்கும் படமென்று அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடையாள அட்டைக்குப் போன மூன்று தரமும், பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுப் படமெடுக்கும் கட்டத்துக்கு முன்னாலேயே திருப்பி அனுப்பினார்கள். அறுபத்தாறு வருஷம் இந்த மாத்தளையிலே வாழ்ந்து மிளகு பறித்தவள் பிறந்தாளா இல்லையா என்று ஐயாமாருக்குச் சந்தேகம். இந்தியாவுக்குப் போய்விட்ட ஒரு சொந்தக்காரர் எடுத்துக்கொடுத்த குடும்பப் படம் ஒன்று இருந்தது. போன வருஷம் இளைய மகன் லெட்சுமணன் காணாமற்போனதும், இவன்தான் என்று காட்ட அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். ஏதோ ஓர் ஆபீஸ் அதையும் வைத்துக்கொண்டது. மகனும் வரவில்லை, படமும் வரவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கவேண்டும். தலைமாட்டில் படம் வைக்காமல் பெட்டியைத் தூக்க விடமாட்டேன் என்று நாத்தனார் கிருஷ்ணம்மா வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கண் மூடிய படம் ஆகாதாம், கண் திறந்திருக்க வேண்டுமாம். மார்ஜரியின் புருஷன் பழனிமுத்து அவளைப் பார்த்து, நீதானே ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறாய் என்றான். ஸ்டூடியோ வேலை குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்று இதுநாள்வரை கேட்டவர்கள் இப்போது விலகி அவளுக்கு வழிவிட்டார்கள்.

அலுவிகாரையில் பஸ் ஏறினாள். வழியில் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அட்டையைக் காட்டிவிட்டு, வரிசையில் நடந்து, மறுபடி ஏறினாள். இதே வழியில்தான் லெட்சுமணனையும் இறக்கினார்கள். அன்றைக்கு மழை. அண்ணி ஸ்டூடியோவிலிருந்து தனியாக வருவாள், போய்க் கூட்டிக்கொண்டு வா என்று குடையைக் கொடுத்து அனுப்பியது காத்தாயி. இறக்கினவர்கள் யாரென்று பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து காத்தாயி மார்ஜரியின் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு இருக்கிறது என்பதைக்கூடச் சுவருக்குத்தான் சொன்னாள். பாரிசவாதம் வந்து படுத்தபிறகு கழுவியதும் துடைத்ததும் கஞ்சி ஊட்டியதும் மார்ஜரிதான். கரண்டிக்கு வாய் திறக்கும், கண் மட்டும் வாசலுக்குப் போய்விடும். அனுப்பியது நீங்கள்தானே மாமி என்று மார்ஜரி ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம். என்றைக்காவது ஒருநாள் பார்ப்பாள் என்று காத்திருந்தாள், பார்க்காமலே போய்விட்டாள் கிழவி.

ஸ்டூடியோவில் முதலாளி மீராசாஹிப் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். செத்தவர்களுக்குக் கண் திறப்பது அங்கே புதிதில்லை. வந்துபோன வாடிக்கைக்காரர்களின் கண்களை வெட்டி, ஆண், பெண், வயது என்று பிரித்துச் சேர்த்து வைத்திருந்தார் மனுஷன். கலேவெலயில் செத்துப்போன ஒரு சிங்கள நோனாவுக்குப் போன மாதம் ஒட்டிய கண் தோதாக இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது என்றார். வேண்டாம், நான் வரைகிறேன் என்றாள் மார்ஜரி.

அவர் மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த வரைபலகை வந்து மூன்று கிழமைதான் ஆகிறது. முதலாளி அதைச் சிலேட்டு என்பார். அதன்மேல் பேனையால் கீறினால் அதில் ஒன்றும் தெரியாது, கோடு எதிரே திரையில் விழும். முதல் கிழமை முழுக்கக் கையைக் குனிந்து பார்த்துப் பார்த்தே கோட்டைக் கெடுத்தாள். இதுவரை வட்டமும் மாவிலையும்தான் அவளுக்கு ஒழுங்காக வரும். அதை வைத்துக்கொண்டு மாமியாருக்குக் கண் வரைய உட்கார்ந்தாள்.

படத்தின்மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு லேயரை வைத்தாள். பிழைத்தால் அதை மட்டும் அழிக்கலாம், முகத்துக்குச் சேதமில்லை. வரைந்த முதல் கண் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. சிலேட்டு கோணலாகக் கிடந்தது, நேரே வைத்தாள். அடுத்தது மை அப்பியதுபோல் தடித்தது. அழுத்தினால் தடிக்கும், தொட்டும் தொடாமலும் போனால் மெலியும். இமைக்கு மெல்ல, முடிக்கு அதைவிட மெல்ல. உள்ளங்கை வியர்த்துப் பேனை வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வரைந்தாள்.

வடிவம் வந்துவிட்டது, பார்வை வரவில்லை. ஒரு வருஷமாகப் பார்க்காத கண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? கல்யாணமாகித் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த முதல் நாளை நினைத்துப் பார்த்தாள். இந்த வேதக்காரிக்கு மிளகாய் அரைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, காத்தாயி அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தாள். கீழிமை மேலே ஏறி, ஓரத்தில் மூன்று சுருக்கம் விழும். அதை வரைந்தாள். கருமணிகளை நடுவில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இட்டாள். திரையிலிருந்து மாமியார் அவளைப் பார்த்தாள். மார்ஜரிக்கு அழுகை பொங்கியது. காலையிலிருந்து அவள் அழவே இல்லை.

படத்தை வாங்கிப்போக வந்த பழனிமுத்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவன் நெடுநேரம் பார்த்தான்.

“அம்மா கண்ணுதான்,” என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா ஒன்ன இப்பிடிப் பாக்கலயே அவங்க. தங்கச்சி பாத்தா, தனக்குத் தானே வரைஞ்சுகிட்டான்னு சொல்லுவா. அந்தக் கருமணிய மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிரு.”

மீராசாஹிப் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“வாசப் பக்கம்.”

அது எந்தப் பக்கமென்று அவளுக்குத் தெரியும். கஞ்சிக் கரண்டியோடு உட்கார்ந்து தினமும் பார்த்ததுதானே. இரண்டு கருமணிகளையும் இடப்பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

படத்தைத் தலைமாட்டில் வைத்ததும் லயமே கூடி அழுதது. அச்சு அசல் காத்தாயி, மகன் வருவானென்று பார்க்கிறாள் பாருங்கள் என்றார்கள். கிருஷ்ணம்மா வந்து மார்ஜரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா அப்பிடியே இருக்காங்க அண்ணி. வேற யாராலயும் இப்பிடி வரைய ஏலாது.”

மார்ஜரி தலையாட்டினாள். சூடம் ஏற்றினார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். படத்துக்கு நேரே நின்றிருந்தவள் கிழவியின் கண் போகிற இடப்பக்கமாக மெல்ல ஒரு எட்டு நகர்ந்தாள். பிறகு இன்னொரு எட்டு. அதற்குமேல் போக முடியவில்லை. அங்கே தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிருஷ்ணம்மா நின்றுகொண்டிருந்தாள்.