ஒரு தீக்கு இரண்டு மன்னிப்பு

எங்கள் தையல் கடைக்கு யாரோ தீ வைத்து ஆறு நாள் ஆகிறது. துணி வெட்டும் மேசை பாதி கரிந்துவிட்டது. தைத்து மாட்டியிருந்த பதினெட்டு உருப்படிகள் போயின. நான் ஒரு மதம், என் மனைவி வேறு. கலவரம் நடந்த அந்த வாரத்தில் எங்களைப் பிடிக்காதவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

இரு மதத்தாரும் சேர்ந்து அமைத்த அமைதிக் குழுவில் ஒரு விதி உண்டு. தவறு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துப் பெரியவர் பாதிக்கப்பட்டவர் வாசலுக்கு வந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

"யாருன்னு தெரியாம இந்தத் தெருவுல என்னால இருக்க முடியாது. அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று என் மனைவி சொல்லியிருந்தாள். ஆகவே நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை குழுவில் என் மதத்துப் பெரியவரான மருந்துக்கடைக்காரர் வந்தார். "தம்பி, நம்ம ஆளுங்க பண்ணினதுதான். மன்னிச்சிரு."

அவர் உட்காரும்முன் என் மனைவியின் மதத்துப் பெரியவரான ஹெட்மாஸ்டர் வந்து அவள் முன் நின்றார். "எங்க பக்கத்துத் தப்பும்மா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்ல சார், நாங்கதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க எப்படி? நாங்கதாங்க."

"அட, இதுலயுமா போட்டி?" என்றாள் என் மனைவி. "தீ வச்சது யாரு? பேரைச் சொல்லுங்க."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாதும்மா. பழியை நாங்களே ஏத்துக்கிட்டா, பதிலுக்குன்னு இன்னொரு கடை எரியாதுன்னு நினைச்சேன்."

"நானும் அதேதான்..." என்றார் மருந்துக்கடைக்காரர்.

கோபப்படுவதா, அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப வச்சவன் இன்னும் வாயைத் திறக்கல" என்றாள் அவள். "அவனைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தினம் இங்க வந்து ஒண்ணா உட்காருங்க. ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் கிளம்பிடுவேன்."

மறுபேச்சில்லாமல் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

அதைப் பார்த்துத்தானோ என்னவோ, மாலையில் ஒருவன் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தான். எந்தப் பக்கத்தவன் என்று தெரியவில்லை. என் மனைவி அவன் முகத்தையே பார்த்தாள். நான் நாடாவை எடுத்து, கையை நீட்டச் சொன்னேன். இவனாக இருக்குமோ? தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தேன். எழுதப் போனபோது எண் மறந்துவிட்டது. மறுபடி அளந்தேன்.