பழுதுபார்க்கப் போன சுருள்

மாமனாரை இடப்பக்கமாகப் புரட்டி, நனைந்த விரிப்பை அவருக்கு அடியிலிருந்து உருவும்போது அதன் ஓரம் எங்கோ மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தாள். அவருடைய வலது கைதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விரிப்பின் நுனியைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"விடுங்க மாமா. இது துணி, பேப்பர் இல்ல."

விடவில்லை. பேச்சு குறைந்து நான்கு நாளாயிற்று. கண் திறப்பதே அபூர்வம். அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் இன்னும் வேலை நேரம் முடியவில்லை.

பழைய பழக்கம் அது. எந்தத் தாளையும் அப்படித் தேய்த்துப் பார்க்காமல் புரட்டமாட்டார். பேத்திகூடக் கேலி செய்வாள்: "தாத்தா, அது கள்ள நோட்டு இல்ல, கணக்கு நோட்டு!" எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரித்ததில்லை.

முப்பது வருஷம் நூலகத்தின் ஃபிலிம் அறையில் இருந்தவர். பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரு மாதத்துப் பேப்பரை உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் சுருட்டி வைத்துவிடுவார்கள். யாராவது கேட்டு வந்தால் சுருளைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவார். திரையில் பக்கங்கள் ஓடும். அந்தத் திரைக்கு முன்னால்தான் இந்த மருமகளை முதன்முதலாகப் பார்த்தார். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அவள் கேட்டது ஒரே ஒரு பக்கம். சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து நான்கு பேர் செத்ததற்கு மறுநாள் வந்த பேப்பர். அந்த நான்கில் ஒருவர் அவளுடைய அப்பா. அன்றைக்கு அவள் பிறந்து நாற்பது நாள். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. "பேப்பர்ல போட்டிருந்தாங்கடி. மூணாம் பக்கம், கீழ. உன் மூக்கு அப்படியே அவர் மூக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பத்திரிகை நின்றுபோய், அச்சகமும் தரைமட்டமாகிவிட்டது. மிஞ்சியது நூலகத்துச் சுருள் ஒன்றுதான்.

"அது பழுதுபார்க்கப் போயிருக்கும்மா. அடுத்த மாசம் வா" என்றார் அவர்.

அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். இப்படியே இரண்டு வருஷம். அங்கே அவளுக்கு 'மூணாம் பக்கம்' என்று பேரே வைத்துவிட்டார்கள். சுருள் வரவில்லை, அவர்தான் வந்தார், மகனுக்குப் பெண் கேட்டு. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பொண்ணை மட்டும் குடுங்க." அம்மா அழுதேவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டொரு தரம் கேட்டுப் பார்த்தாள். "இன்னும் வரலம்மா" என்றார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். பெற்ற மகளைப்போல வைத்திருக்கும் மனிதரை எத்தனை தரம்தான் நச்சரிப்பது?

பத்து மணிக்கு பைண்டர் வந்தார். நூலகத்தில் மாமனாரோடு கூடப் புத்தகம் கட்டும் வேலை பார்த்தவர்; வாய் ஓயாத மனிதர்.

"என்ன மூணாம் பக்கம், எப்படி இருக்கான் உன் மாமனார்?"

"பாருங்க ஐயா. நேத்து ராத்திரியிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட இறங்கல."

"அடேய், எனக்கு முன்னாடி ரிட்டயர் ஆன. இதுலயும் எனக்கு முன்னாடி போகணுமாடா உனக்கு?" என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தவர், மூக்கை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். முகம் மாறிவிட்டது.

"இது என்ன வாடை?"

"மூணு மாசமா இருக்குங்க. புளிச்ச மாதிரி. மருந்து வாடைன்னு நினைச்சேன். வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க."

"மருந்தா? வினிகர் மாதிரி அடிக்குது பாரு. இது ஃபிலிம் அழுகற வாடை. எங்க ரூம்ல ஒரு சுருள் இப்படி ஆயிட்டா உடனே தனியா எடுத்து வெச்சிருவோம். இல்லைன்னா பக்கத்துல இருக்கறதுக்கும் தொத்திக்கும்." அறையைச் சுற்றிப் பார்த்தார். "உங்க வீட்டுக்குள்ள எப்படி?"

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கேட்டாள். "பழுதுபார்க்கப் போன சுருளெல்லாம் திரும்பி வந்துச்சாங்க ஐயா?"

"பழுதா? அதை எங்கம்மா அனுப்பறது, யாரு பாக்கறது? நான் இருந்த வரைக்கும் ஒரு சுருள்கூட அந்த ரூமை விட்டு வெளிய போனதில்ல."

கட்டிலில் விரல்கள் தேய்ப்பதை நிறுத்தின.

பைண்டர் போனதும் அவள் மாமனாரின் தலையணைக்கு அடியில் கை விட்டாள். அலமாரிச் சாவி அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். தினமும் உறை மாற்றுகிறவள் அவள்தானே. தொட்டதில்லை, அவ்வளவுதான்.

"மாமா, திறக்கட்டுமா?"

அவர் கண்ணைத் திறந்தார். வேண்டாமென்று தலையசைக்க அவருக்கு இன்னும் தெம்பு இருந்தது. அசைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. மடித்து வைத்த சட்டைகளுக்குப் பின்னால், துணியில் சுற்றிய டப்பா. மேலே ஒட்டியிருந்த சீட்டில் வருஷமும் மாதமும். அதை அவள் படிக்க வேண்டியதில்லை. உள்ளே நாலாக மடித்த இன்னொரு சீட்டு, மாமனாரின் குண்டு குண்டுக் கையெழுத்தில்: 'எல்லாப் பக்கங்களும் சரிபார்க்கப்பட்டன. மூலத்தாள்களை அழிக்கலாம்.' கீழே கையொப்பம். அதன்படியே தாள்களை எப்போதோ கூழாக்கியிருப்பார்கள்.

அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஃபிலிம் ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருங்கி, தொட்ட இடத்தில் நொறுங்கியது. கண் எரிந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள். ஒவ்வொரு தேதியாக நகர்த்தினாள். வந்துவிட்டது. முதல் பக்கம், பெரிய எழுத்தில்: 'பாய்லர் வெடித்து நால்வர் பலி. படங்கள் மூன்றாம் பக்கம்.'

அவள் அடுத்த படத்துக்கு நகர்த்தினாள்.

நான்காம் பக்கமும் ஐந்தாம் பக்கமும்.

பின்னால் போனாள். முதல் பக்கம். முன்னால் வந்தாள். நான்கு, ஐந்து. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. படம் பிடித்தவர் ஒன்றாகப் புரட்டிவிட்டார். அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர் பார்க்கவில்லை. இரண்டும் மூன்றும் உலகத்தில் எங்குமே இல்லை. அவள் முதல் நாள் கேட்டபோதும் இல்லை.

டப்பாவோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அவருடைய உதடு அசைந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கையெழுத்து... என்னுதுதாம்மா."

பெண் கேட்டு வந்த அன்றைக்கு, வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் பேசியது நினைவுக்கு வந்தது. அன்று அதை அடக்கம் என்று நினைத்திருந்தார்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். பதினைந்து வருஷமாக அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். எந்தக் கணக்கில் எதை வைப்பது? பஞ்சு காய்ந்தது. மறுபடி நனைத்தாள்.

நாலு மணி சுமாருக்கு மூச்சு நின்றது.

கணவன் வேலையிலிருந்து ஓடி வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "என்னங்க இது, ஒரு மாதிரி வாடை?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். கணவன் நிமிர்ந்தான். திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். எழுந்து போய் அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். இவன் ஒருவன்தான், ஒரு நாள்கூட, இது என்ன வாடை என்று கேட்டதில்லை.

பிறகு அவன் வாசலில் நின்று, இறப்பு அறிவிப்புக்காகப் பத்திரிகை அலுவலகத்தோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாங்க, படம் இருக்கு, நிறைய இருக்கு... எந்தப் பக்கம்?" குரல் தணிந்தது. "மூணு வேண்டாங்க. வேற எந்தப் பக்கமா இருந்தாலும் சரி... அப்படியா. வேற இடமே இல்லீங்களா?"

திரும்பினான். அவள் பின்னால்தான் நின்றிருந்தாள். மாமனாரின் படம் ஒன்றை நீட்டினாள். நல்ல படம், மூக்கு முழி எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தும் வாடை போகவில்லை. பேப்பர் வாசலில் விழுந்த சத்தம் கேட்டு அவள்தான் போய் எடுத்தாள். நின்றபடியே முதல் பக்கத்தின் நுனியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்தாள்.

ஒற்றைத் தாள்தான்.

இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தாள்.