பின்னால் வருகிற வண்டி

"வாப்பா, இதுல இடிச்சா யாருக்கு வலிக்கும்?"

சஃப்ரின் அப்படிக் கேட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது. மசூது சவூதியில் தம்மாம் வேலையை முடித்துக்கொண்டு தென்காசிக்குத் திரும்பியிருந்த சமயம் அது. ஊருக்கு வருகிறவர்கள் போர்வையும் வாசனைத் தைலமும் கொண்டுவருகிற பெட்டிக்குள் அவன் ஒரு ஸ்டியரிங்கையும் மூன்று பெடல்களையும் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "ஸ்டியரிங் வந்துட்டு. வண்டி பின்னால கப்பல்ல வருதோ?" என்று மனைவி ஷமீம் பானு கேட்டதை அவர்கள் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் இறுக்கிப் பூட்டி, கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினான். பக்கத்தில் நின்ற மகள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "யாருக்கும் வலிக்காதும்மா. இது வெளாட்டு" என்றான். பிள்ளை நம்பிவிட்டாள். அவனும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு செல்போன் பழுதுபார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு பூட்டிவிடுவான். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்தி மஃரிப் பாங்குக்குள் பந்தயம் முடிந்துவிடும். பதினைந்து பேர் போல ஒரு குழு. நடத்துகிறவர் திருநெல்வேலியில் கல்லூரி ஆசிரியரான விஜயசங்கர். நாகர்கோவிலில் பல் மருத்துவராக இருக்கும் பெர்சிஸ், கொல்லத்தில் இரண்டு பேர், ஷார்ஜாவில் ஒருவர் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு இணையம் வழியாக ஒரே தடத்தில் ஓட்டுவார்கள். பணம் கிடையாது, கோப்பை கிடையாது. ஆனாலும் வாரம் முழுவதும் பயிற்சி எடுப்பார்கள். எந்த மரத்தைத் தாண்டியதும் பிரேக்கை மிதிக்க வேண்டும், எந்த வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கும் என்று தங்கள் தெருவைவிட அந்தத் தடம் அவர்களுக்குப் பழகியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். மனிதன் எதை உண்மையாகச் செய்கிறானோ அதில் அவனுடைய குணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, விளையாட்டானாலும் சரி.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தெரியாமல் ஒருவரை இடித்து முன்னால் போய்விட்டால், உடனே வேகத்தைக் குறைத்து அவரை முன்னால் விட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். தகராறு வந்தால் பதிவை ஓட்டிப் பார்த்து யார் பக்கம் தவறு என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். அந்த வேலையை எல்லோருமாகச் சேர்ந்து மசூதுவிடம் கொடுத்திருந்தார்கள். அவன் கோபப்பட்டு யாரும் கேட்டதில்லை. "பாய் பாத்துச் சொல்லட்டும்" என்றால் சத்தம் அடங்கிவிடும். அந்த மரியாதை அவனுக்குள்ளே ஓர் இனிப்பைப் போலக் கரைந்துகொண்டிருந்தது.

குழுவில் முத்துராஜ் என்று ஒருவன். பண்பொழிக்காரன், முப்பது வயதிருக்கலாம். குற்றால சீசன் நேரத்தில் ஐந்தருவியில் பழக்கடை போடுவான், மற்ற மாதங்களில் லோடு ஆட்டோ ஓட்டுவான். அவன் வீட்டுக்கு இணையக் கேபிள் போய்ச் சேரவில்லை. போனிலிருந்து நெட்டை இழுத்துத்தான் ஓட்டுவான். மலையில் மேகம் இறங்கினால் அது விட்டு விட்டு வரும். அப்போது மற்றவர்கள் திரையில் அவன் கார் ஒரு கணம் மறைந்து, நாலடி தள்ளித் திடீரென்று முளைக்கும். அதனால் தவளை என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏலே, தவளை வருதுலே, ஒதுங்குங்கலே!" என்று யாராவது கத்தினால் அவனும் சேர்ந்து சிரிப்பான். "சிரிங்கலே, சிரிங்க. தவளையும் ஒருநா உங்களுக்கு முன்னால போவும், பாத்துக்கிட்டே இருங்க" என்பான்.

ஆனி மாதக் கடைசி ஞாயிறன்று அது நடந்தேவிட்டது. கடைசிச் சுற்றில் தவளை மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான். மசூது அவனுக்குப் பின்னால் நாலாவது. அந்த வருஷப் பந்தயங்களில் மசூது முதல் மூன்று பேருக்குள் ஒருமுறையும் வந்ததில்லை. காட்டுக்குள் இறங்கி வலதுபுறம் திரும்புகிற வளைவில், எப்போதும் பிரேக்கை மிதிக்கிற மரத்தைத் தாண்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆக்ஸிலேட்டரிலேயே காலை வைத்திருந்தான். பிறகு மிதித்தபோது நேரமாகிவிட்டது. முத்துராஜின் காரைப் பின்னாலிருந்து முட்ட, அது சுழன்று தடத்துக்குக் குறுக்கே நின்றது. பின்னால் வந்த பெர்சிஸ் அதன்மேல் ஏறினாள். கொல்லத்துக்காரர்கள் இருவரும் புல்லுக்குள் போனார்கள்.

"ஐயோ, யாரு மக்கா அது?" என்று ஹெட்போனில் பெர்சிஸ் கத்தினாள்.

"தவளை தாவிட்டான்லே!" என்றது ஒரு குரல். சொன்ன பிறகுதான் அது தன்னுடைய குரல் என்று மசூதுவுக்குத் தெரிந்தது. அவன் நிற்கவில்லை. இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாவதாக முடிவுக்கோட்டைக் கடந்தான்.

"சாரி பாய், சாரிக்கா. நெட்டு போயிட்டு போல. என்னாலதான்" என்று முத்துராஜ் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் கடைக்குப் போகும் முன் வீட்டில் பதிவைப் பார்த்தான் மசூது. விஜயசங்கர் அனுப்பியதில் அந்த இடம் தெளிவாக இல்லை. முத்துராஜின் கார் அங்கங்கே விட்டு விட்டுத்தான் தெரிந்தது. ஆனால் மசூதுவின் சொந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பதிவு உண்டு, அவன் கண் பார்த்தது அப்படியே. அதில் அந்த வளைவில் முத்துராஜின் கார் கொஞ்சமும் தாவவில்லை. நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. தான் பிரேக் மிதித்ததைக் காட்டும் சிவப்புக் கோடு, பயிற்சியில் எழும்புகிற இடத்தைத் தாண்டிப்போய் எழும்பியது. திரும்ப ஓட்டினான். மறுபடியும் அப்படித்தான் எழும்பியது.

அப்போதே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எல்லோர் காதிலும் தவளை என்று அவனே கத்தியாகிவிட்டது. அதைத் திரும்ப விழுங்க வேண்டும். நியாயம் சொல்கிறவன் என்ற பெயர் போய்விடும். மூன்றாவது இடமும் போகும். இவையெல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக வந்து நின்றன. விஜயசங்கரின் பதிவை மட்டும் வைத்து, இணையக் கோளாறுதான் காரணம், முத்துராஜ் இரண்டு பந்தயம் ஒதுங்கி இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினான். "பாய் சொன்னா சரி" என்று பதில்கள் வந்தன. முத்துராஜும் அதையேதான் எழுதியிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு எப்போதும்போல் சீக்கிரமே போனான். முதல் வரிசையில் அவன் வழக்கமாக நிற்கிற இடம் காலியாகத்தான் இருந்தது. போய் நிற்கக் கால் வரவில்லை. செருப்பு அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் நின்று தொழுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தபோது அந்தச் சிவப்புக் கோடு கண்ணுக்குள் எழும்பியது.

அடுத்த வாரம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. "ஊரெல்லாம் வந்து குளிச்சிட்டுப் போவுது, பக்கத்துல இருக்க நமக்குத்தான் நேரமில்ல" என்று பானு சொல்லி மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனார்கள். வேறு அருவிக்குப் போகலாமே என்று மசூது சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. குளித்துத் தலை துவட்டிக்கொண்டு கடைகளின் வழியே வரும்போது ஒரு குரல் கேட்டது. "மங்குஸ்தான், ரம்புட்டான்! தின்னு பாத்துட்டு வாங்குங்க, பிடிக்கலன்னா அருவியில எறிங்க!" முகத்தை இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும்.

தலையைக் குனிந்து கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பானு பழத்தின் முன்னால் நின்றுவிட்டாள். "ஏங்க, இது நல்லா இருக்கும்லா?" என்று கேட்டதற்கு அவன் "ம், நல்லா இருக்கும்" என்றான். அவ்வளவுதான்.

"மசூது பாயா?" கடைக்காரன் பழத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மெலிந்த ஆள், மழைக்குத் தலையில் பாலிதீன் கட்டியிருந்தான். "குரலை வச்சே கண்டுபிடிச்சேன், பாத்தீங்களா! மதினி, இவங்க எங்க நீதிபதி. இவங்க ஒரு வார்த்த சொன்னா அப்பீலே கிடையாது. பாப்பா, இந்தா, இது உனக்கு." சஃப்ரினின் கைகொள்ளாமல் பழத்தைத் திணித்தான். மசூது வேண்டாம் என்றது மழையில் கேட்கவில்லை.

"அன்னைக்கு என்னால உங்களுக்கும் இடைஞ்சல் பாய். பெர்சிஸ் அக்காவுக்கும் நல்ல ரேஸு கெட்டுப்போச்சு. மனசுக்குக் கஷ்டமா இருந்து."

"அது... முத்துராஜ்..." என்றான் மசூது.

"இல்ல பாய், நீங்க சொன்னது நியாயம்தான். நான் வெளி ஆளுங்களோட ஓட்டிப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆனா என்னன்னு தெரியல, இப்பெல்லாம் பின்னால ஒரு வண்டி வந்தாலே பயமா இருக்கு. நெட்டு எப்ப போவும், யாரை எப்ப இடிப்போம்னு. பேசாம ஓரமா ஒதுங்கி வழிய விட்டுருதேன்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்குள் வேறு ஆட்கள் வந்து விலை கேட்க, அவன் திரும்பிக்கொண்டான்.

ஆட்டோவில் வரும்போது சஃப்ரின் ஒரு பழத்தை உரித்து நீட்டினாள். மசூது அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். பானு அவன் முகத்தையே பார்த்தாள். "என்ன, அந்தத் தம்பிக்கிட்ட ஏதாவது தப்பாப் பேசிட்டீங்களா?"

"பேசலட்டி. பேசாமத்தான் வந்துட்டேன்" என்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரத்துணியைக்கூட மாற்றாமல், தன் கம்ப்யூட்டரில் இருந்த பதிவைக் குழுவில் போட்டான். கீழே எழுதினான்: இடித்தது நான். முத்துராஜ் மேல் தவறே இல்லை. அது தெரிந்த பிறகுதான் தீர்ப்பு எழுதினேன். இனி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

வசவுக்குத் தயாராக இருந்தவனுக்கு அது கிடைக்கவில்லை. "அட, பாயும் மனுசந்தானா? இனிமே தைரியமாக் கூட உக்காந்து டீ குடிக்கலாம்!" என்று பெர்சிஸ் எழுதியிருந்தாள். முத்துராஜ் இனி ஒதுங்கி இருக்க வேண்டாம், நீங்கள் அடுத்த பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து கிளம்புங்கள் என்று விஜயசங்கர் போட்டிருந்தார். முத்துராஜ் ஒரு கும்பிடு போட்டு, "பரவால்ல பாய், வெளாட்டுதான்" என்று எழுதியிருந்தான். பத்து நிமிஷத்தில் பேச்சு டயர் விஷயத்துக்குப் போய்விட்டது. இவ்வளவு லேசாகக் கிடைத்த மன்னிப்பு அவன்மேல் ஒட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் கணக்குத் தீர்ந்திருக்கும் என்று தோன்றியது.

ஞாயிறு. அதே காட்டுத் தடம். திரையிலும் மழை, ஜன்னலுக்கு வெளியிலும் சாரல். மசூது கடைசியிலிருந்து கிளம்பினான். முத்துராஜ் ஐந்தாவதாகக் கிளம்பியிருந்தான். ஆனால் மூன்று சுற்று முடிவதற்குள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். யாரும் போட்டி போட்டுத் தாண்டவில்லை. பின்னால் ஒரு வண்டி தெரிந்ததுமே அவன் ஓரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். விஜயசங்கர் ஒளிபரப்பில் முதல் இரண்டு கார்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் யார் எங்கே போகிறார்கள் என்று பார்க்க ஆளில்லை.

நீண்ட நேர்ப்பாதையில் மசூதுவுக்கு முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அவன் நெருங்கியதும் அவை இடதுபக்கம் விலகி வேகம் குறைந்தன. வழி திறந்து கிடந்தது. மசூதுவும் காலை எடுத்தான். முத்துராஜ் இன்னும் குறைத்தான். மசூதுவும் குறைத்தான். இரண்டு பந்தயக் கார்கள் மழைக்குள் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தன. மசூது மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். கடைசியில் முன்னால் இருந்த கார் தயங்கித் தயங்கி நடுத்தடத்துக்கு வந்து நகர்ந்தது.

நல்ல இடைவெளி விட்டு மசூது பின்னால் போனான். முத்துராஜின் கார் ஓரிரு இடத்தில் மறைந்து முளைத்தது. மசூது இன்னும் கொஞ்சம் தூரம் விட்டான். எங்கேயோ சுழன்று பின்தங்கியிருந்த பெர்சிஸ் இப்போது பின்னால் வந்து முட்டாத குறையாக நின்றாள். அவள் தாண்டினால் முன்னால் இருப்பவன் மறுபடி ஒதுங்கிவிடுவான். மசூது பந்தய முறைப்படி வளைவின் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓட்டினான். ஒரு வளைவு, மறு வளைவு. அவளால் தாண்ட முடியவில்லை.

"என்ன பாய், வண்டி ஓட்டுதீங்களா, ஊர்வலம் போறீங்களா? வயசாயிட்டுன்னா சொல்லுங்க, இறக்கி விடுதேன்!" என்றாள் பெர்சிஸ். யாரோ சிரித்தார்கள். மசூது உள்பக்கத்தை விடவில்லை.

காட்டு வளைவு ஒவ்வொரு சுற்றிலும் வந்தது. முதலில் முத்துராஜ் மரத்துக்கு வெகுதூரம் முன்பே பிரேக்கை மிதித்தான். அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளி மிதித்தான். கடைசிச் சுற்றில் அந்தச் சரிவில் இறங்கும்போது மசூது அவனுக்கும் முன்னாலேயே, மரம் வருவதற்கு ரொம்பவும் முன்பே, பிரேக்கில் காலை வைத்துவிட்டான். முன்னால் முத்துராஜின் விளக்குகள் மரத்தைத் தாண்டி ஒருமுறை பளிச்சென்று சிவந்தன. ஓரத்துக்கு விலகவில்லை. மழைத்தண்ணீரை இருபுறமும் கிழித்துக்கொண்டு, வளைவின் உட்பக்கத்தைத் தொட்டுத் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தன.