வெளியே போகாத குரல்

1

ஷாமினி மவுஸை மறுபடியும் மறுபடியும் அழுத்தினாள். பயனில்லை. திரையின் ஓரத்தில் பச்சையாக இருந்த புள்ளி சிவப்பாகிவிட்டது. சர்வர் நின்றுவிட்டது.

"என்ன ஷாமினி, உன் மெஷின் தூங்கிடிச்சா?"

கேட்டவர் நிலையத்தின் தலைவி கெர்ட்ரூட். அவர் முன்னால் ஓர் ஒப்பந்தம், கையில் மூடி கழற்றிய பேனா.

(யாராவது ஆபத்தில் இருந்தால்தான் எனக்குப் பேனா ஓடும். வாரப் பத்திரிகைகள் பழக்கிவிட்ட கை. "கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மழை கொட்டிய ஒரு மதியத்தில், பெண்களுக்கான உதவித் தொலைபேசி நிலையத்தின் இரண்டாவது மாடியில்" என்றுதான் முதலில் எழுதினேன். மழை விடுவதற்குள் அந்த வாக்கியத்தை நானே விட்டுவிட்டேன்.)

2

கதை எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் போகும் ரயிலில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஷாமினி சொன்னது.

அடி உதைக்கும் மிரட்டலுக்கும் தப்ப வழி தேடும் பெண்கள் அந்த நிலையத்தைக் கூப்பிடுவார்கள். அவர்கள் பேசியதை எழுத்தில் இறக்க ஆள் போதவில்லை. "ஒலிப்பதிவை எல்லாம் எங்களுக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறோம்" என்று வெளிக் கம்பெனி ஒன்று வந்து நின்றது. அங்கே கணினி வேலை பார்க்கும் ஷாமினி மறித்தாள். ஒரு குரல்கூட இந்தக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது என்றாள். ஸ்டோர் ரூமில் ஒரு பெரிய கணினியைச் சர்வராக வைத்து, கேட்டு எழுதும் ஏஐ மாடலை அதற்குள்ளேயே ஏற்றினாள். புரோகிராம் எழுதும் எடிட்டரில் எக்ஸ்டென்ஷன் என்னும் துணைக்கருவி ஒன்றைப் போட்டுக்கொண்டு, சர்வரை எழுப்புவது, நிறுத்துவது, மாடலை மாற்றுவது எல்லாவற்றையும் தன் மேசையிலிருந்தே பார்த்துக்கொண்டாள்.

இன்று அது கெர்ட்ரூட் முன்னால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவர் அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். குரல்கள் வெளியே போய்விடும்.*

* அப்படிக் காக்கப்பட்ட ஒன்றை நான் அச்சில் ஏற்றுகிறேனே, சரியா? பெயர்களை மாற்றினேன், மாடியை மாற்றினேன். உறுத்தல் மட்டும் மாறவில்லை.

3

முதல் வரைவில் கெர்ட்ரூட்தான் வில்லி. தங்க ஃபிரேம் கண்ணாடி, ஏளனச் சிரிப்பு, அவர் நடந்து வந்தால் செருப்புச் சத்தத்திலேயே அறை

(இல்லை. அவரை வில்லியாக்கப் போகிறேன் என்றதும் ஷாமினி ரயிலிலேயே முறைத்தாள். "ஆன்ட்டி அப்படி இல்லண்ணே. சும்மா எழுதாதீங்க." சிரிப்பை எடுத்துவிட்டேன். கண்ணாடி இருக்கட்டும்.)

சர்வர் இப்படிப் படுப்பது இது முதல் தடவை இல்லை. சூடு என்று நினைத்து ஷாமினி மின்விசிறி வைத்தாள். மின்சாரம் என்று நினைத்து வயரை மாற்றினாள். இன்றுதான், சர்வர் தனக்கு நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தாள். படித்ததும் போனை எடுத்தாள். தன் லேப்டாப் வழியே தூரத்திலிருந்தே சர்வரை அமைக்க உதவிய நண்பன் ரோனி, பெட்டாலிங் ஜெயாவில் இருந்தான்.

"ரோனி, இப்ப லேப்டாப்பை மூடினியா?"

"ஆமாக்கா. சாப்பிடப் போறேன்."

"நீ சாப்பிடப் போறப்பலாம் இங்க சர்வர் சாவுது."

"என் பசிக்கும் சர்வருக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"அத உன் எடிட்டர்லேர்ந்துதானே ஸ்டார்ட் பண்ணே? நீ மூடினா அதுவும் உன்கூடவே கிளம்பிடுது லா!"

"அப்ப நான் டயட்ல இருந்திருந்தா நல்லா ஓடியிருக்கும்."

"போய்ச் சாப்பிடு. இனி அது உன்னை நம்பி இல்ல."

அவள் தன் எடிட்டரைத் திறந்தாள். எந்த எடிட்டரை யார் மூடினாலும் சர்வர் தனியாக ஓட வேண்டும் என்று அமைப்பை மாற்றினாள். ஸ்டார்ட். மாடல் ஏறியது, மெல்ல, மிக மெல்ல. பச்சை!

4

கெர்ட்ரூட் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை நீட்டினார். "பழைய கேசட்லேர்ந்து ஏத்தினது. இத எழுதச் சொல்லு. ஆனா வெளிய போவலன்னு நான் எப்படி நம்புறது?"

ஷாமினி எழுந்தாள். நிலையத்துக்கே இன்டர்நெட் தரும் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இப்ப நம்புவீங்களா ஆன்ட்டி?"

திரையில் எழுத்துகள் ஊர்ந்தன. இரைச்சலுக்கு அடியிலிருந்த ஒரு பெண்குரல், வரிவரியாக எழுந்து வந்தது.

"ஹலோ, கிள்ளான்லேர்ந்து பேசறேன். வீட்டுக்காரரு லோரி ஓட்டப் போயிருக்காரு. பாசாருக்குச் சாமான் வாங்கப் போற மாதிரி பிள்ளைங்களோட கிளம்பிடுவேன். ஆனா நான் அங்க வந்தா நீங்க..."

அடுத்த வரி: [அழைப்பு இங்கே அறுந்துவிட்டது.]

ஷாமினி துள்ளினாள். இத்தகைய மாடல்கள் இல்லாததை இட்டுக்கட்டும் என்பதுதான் அவளுடைய பெரிய பயம். இது இட்டுக்கட்டவில்லை. கேட்டதை எழுதியது, கேட்காத இடத்தில் நின்றது. (நானாக இருந்தால் அந்த வாக்கியத்தை முடித்திருப்பேன். எனக்குக் கூலியே அதற்குத்தான்.)

கெர்ட்ரூட் பேனாவை மூடினார். ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்தார். நான்காகவும் கிழித்தார்.

"குரல் இங்கயே இருக்கட்டும்," என்றார்.

ஷாமினி போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துப் பூக்கடைக்காரர் படியேறி வந்துவிட்டார்.

5

இங்கேயே முடித்துவிடலாம். வெற்றி, கூச்சல், பூ. அல்லது ரோனி பிரியாணிப் பொட்டலத்தோடு ஓடிவர, ஷாமினி அவனைப் பார்த்த பார்வையில்

(அடித்துவிட்டேன். அவன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறான்.)

அல்லது அந்தப் பாதி வாக்கியத்தை உங்களிடமே தந்துவிடலாம். "நான் அங்க வந்தா நீங்க..." என்ன கேட்டிருப்பாள்? உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். பக்க ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

ஆனால் என் உறுத்தலை ஷாமினி கெர்ட்ரூட்டிடம் கொண்டுபோனபோது, அவர் ஒரே நிபந்தனையோடு எழுத அனுமதித்தார். பூக்கடைக்காரர் இறங்கிப் போன பிறகு அந்த அறையில் நடந்ததை விட்டுவிடக் கூடாது.

கெர்ட்ரூட் திரையருகே போய், அறுந்த வரியின்மேல் விரல் வைத்தார்.

"கதவத் திறப்பீங்களான்னு கேக்க வந்தது."

"உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"போன் பூத்துல போடச் சில்லறை தீர்ந்துபோச்சி லா. அதுக்கப்புறம் எதுக்குக் கேட்டுக்கிட்டுன்னு ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன்."