காலருக்குள் மூன்று தையல்

மேசைமேல் ஒரு புத்தகம். பக்கம் முழுக்கப் புள்ளிகள். யாரோ வேலையற்றவர் உட்கார்ந்து வைத்ததுபோல் சின்னதும் பெரியதுமாக இறைந்து கிடந்தன. முதல் பக்கத்தில் மட்டும் ஓர் எண் இருந்தது, சொல்லிவிட்டேன். டாக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பர் எதுவும் இல்ல சார்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அடுத்த பக்கம். "இல்ல சார்!" அதற்கு அடுத்த பக்கம். "இதுலயும் இல்ல சார்!" எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இது கண் சோதனை அல்ல, நெஞ்சுரச் சோதனை. இல்லாததை இல்லை என்று ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் இவனுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மற்ற பையன்கள் பயந்துபோய் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லித் தொலைத்திருப்பார்களே என்று அவர்களுக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டேன். கடைசிப் பக்கத்துக்கு நான் சொன்ன "இல்லவே இல்ல சார்!" வராண்டாவில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அது ராணுவ அகாடமியின் கடைசிச் சுற்று. எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்காணல் எல்லாம் தாண்டியாயிற்று. அந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பும் முடிகிறது. மூன்று வருடமாக நான் விடியுமுன் எழுந்து ஓடினேன் என்றால், எனக்கும் முன்னால் எழுந்து அம்மா முட்டை அவித்து வைத்தாள். இதை விட்டால் எனக்கு வேறு எதுவும் கிடையாது. வேறொன்றை யோசித்தும் பார்த்ததில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, எல்லாப் பக்கத்துலயும் நம்பர் இருக்கு."

நான் குனிந்து மறுபடி பார்த்தேன், புள்ளிகள்தான் தெரிந்தன.

"சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரிஞ்சு தெரியல. பிறந்ததுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். இந்த அளவுக்கு இருந்தா இங்க எடுக்க முடியாது." எழுதிக்கொண்டே கேட்டார்: "இத்தனை வருஷமா தெரியாதா? சட்டை, பேண்ட் எல்லாம் எப்படிப் பாத்துப் போடுவீங்க?"

"ஒரே குறி உள்ளதா எடுத்துப் போடுவேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. அவரே எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் என்னை வெளியே அனுப்பியவர்தான். ஆனாலும் அந்தத் தண்ணீரை நான் மறக்கவில்லை. வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். அவர் எழுந்து போயிருக்க வேண்டியதில்லை.

குறி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைகளில் காலருக்குள்ளும், பேண்ட்டுகளில் இடுப்புப் பட்டைக்குள்ளும் சின்னத் தையல்கள் இருக்கும். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அக்கா ஒரு சட்டம் போட்டாள்: ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு, மூணு இருந்தா என்னக் கேளு. அவள் எனக்கு ஐந்து வயது மூத்தவள், சட்டம் போடுகிற வயது. துணிக்கடையில் இப்படி ஜோடி சேர்த்துக் குறி போட்டுத்தான் விற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அகாடமி விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரனின் சட்டையைப் பார்த்தேன். காலருக்குள் ஒரு தையலும் இல்லை. பாவம், மட்டமான கடையில் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். கடவுளே, அவனிடம் சொல்லியும் தொலைத்தேன்.

திரும்பி வரும் ரயிலில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. கலர் பென்சில்களின்மேல் பெயர் எழுதி ஒட்டியவள் அக்கா. பழக்கடையில் என் கையைத் தட்டிவிட்டுத் தானே பொறுக்கியவள் அக்கா. கைப்பேசி சார்ஜ் ஏறிவிட்டதா என்று நான் விளக்கைப் பார்த்து விழிக்கும்போதெல்லாம், கேட்காமலே "ஏறிடுச்சுடா" என்று சொன்னவளும் அவள்தான். அப்படியானால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடம் என்னை ஓடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்குள் பையை இறக்குமுன்பே கேட்டேன். அப்பா, அம்மா எல்லாரும் இருந்தார்கள்.

"எனக்குக் கலர் தெரியாதுங்கிறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது. நக்கல் செய்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப்பின் ஒன்பது நாள் அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. அவள் உப்பைக் கேட்டால் நான் அம்மாவிடம் கொடுப்பேன், அம்மா அவளிடம் கொடுப்பாள். அம்மா மட்டும் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து முட்டை அவித்தாள். "ஓடப் போறியோ இல்லியோ, வயிறு வயிறுதானே" என்றாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் தயவில்தான் மனிதர்கள் ஏறி இறங்குகிறார்கள். எங்கள் வீடோ, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடி. எங்களுக்குக் கீழே முதல் மாடியில் இருக்கும் மாமாதான் நான் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குக் 'கேப்டன்' என்று பெயர் வைத்தவர். அந்த மாதம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்திருந்தது. நான் திரும்பி வந்த மூன்றாம் நாள், படியிறங்கும்போது கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"கேப்டன்! தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போறியா? காலுக்குப் பயிற்சி குடுக்கற பிசியோ அம்மா வியாழக்கெழமதான் வருவாங்க. அதுவரைக்கும் இந்தச் சுவரையே பாத்துட்டிருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

"நான் கேப்டன் இல்ல மாமா. எடுக்கல."

"அப்பா சொன்னாரு. சரி சிப்பாய், வந்து கையப் புடி."

பதினான்கு படிகள். முதல் படியிலேயே கைப்பிடிக் கம்பியை விடவே மாட்டேன் என்றார். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயத்தில் மனிதருக்கு எது எந்தக் கால் என்பதே மறந்துவிட்டது. நான் அவருக்கு ஒரு படி கீழே, அவரைப் பார்த்து நின்றுகொண்டேன். மூன்று வருடம் கண்ணாடி முன்னால் பழகிய குரல் அதுவாகவே வந்தது.

"ஆபரேஷன் கால் முன்னே! நல்ல கால் கூடவே! நில்! மூச்சு!"

மாமா இறங்கினார். நான்காவது படியில் சிரிக்க ஆரம்பித்தார். தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததும் மூன்று வாரமாகப் பார்க்காத வெயிலைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு ஏதோ பெரிய கோட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தினம் போனேன்.

வியாழக்கிழமை பிசியோ அம்மா வந்து பார்த்துவிட்டு, "யாரு பழக்கினது?" என்றார்.

"என் கேப்டன்" என்றார் மாமா.

"சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைங்க தம்பி. மூணாம் வீட்டுல இருக்கறவங்களும் கால எடுத்து வைக்கறாங்க. மத்தபடி சரியாத்தான் பண்றீங்க."

ஒன்பதாம் நாள் அக்கா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா டப்பாவை என் கையில் திணித்தாள். அக்காவுக்குப் பார்சல் கம்பெனியில் புகார் எடுக்கும் வேலை. நாள் முழுக்க யார் யாரோ போனில் கத்துவார்கள், இவள் "புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் போனபோது மதிய இடைவேளை. எல்லாரும் சாப்பிடப் போயிருக்க, அவள் மட்டும் எனக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க, கலர் மட்டுந்தான் தெரியாது. மத்தபடி கண்ணு நல்லாத் தெரியும்... எனக்கில்லீங்க, என் தம்பிக்கு... ரொம்ப நல்ல பையங்க. சொன்னாச் சொன்ன நேரத்துக்கு எழுந்திருவான்... ஆமாங்க, கோவம் வரும். ஆனா தங்காது... புரியுதுங்க. பரவாயில்லீங்க."

போனை வைத்துவிட்டுத் தாளில் ஒரு வரியை அடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். தீயணைப்புத் துறை, ரயில் ஓட்டுநர், கப்பல், இன்னும் என்னென்னவோ. பதினோரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவளுடைய குண்டு எழுத்தில் குறிப்பு: 'கலர் கட்டாயம்.' 'வயசு தாண்டியாச்சு.' 'திரும்பக் கூப்பிடச் சொன்னாங்க.' ஒன்றுக்கு எதிரே வெறுமனே 'திட்டினார்.' எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. கடைசி வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது: 'பிசியோதெரபி. மாமா வீட்டுக்கு வர்ற பிசியோ அம்மாகிட்ட கேட்டாச்சு. கலர் பரவாயில்ல. படி எறக்குறது நல்லாருக்காம். இந்த மாசமே விண்ணப்பம்.'

டப்பாவை மேசைமேல் வைத்தேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏன் சொல்லல?" என்றேன். ஒன்பது நாளில் முதல் பேச்சு.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா. ஸ்கூல்ல மரத்துக்குப் பச்சத் தண்டும் பழுப்பு எலையும் வரைஞ்சு, எல்லாரும் சிரிச்சாங்கன்னு கிழிச்சுப் போட்டுட்டு வந்து அழுதியே, அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கப்படறேன்னு அம்மா அப்பாகிட்டகூட மூச்சு விடல. தையல் போட்டுக் குடுத்தேன். ஒருநாளாவது ஏன்னு கேட்டியா? இத்தன வருஷமும் சொன்னபடி போட்டுட்டுப் போனே. தெரிஞ்சவன்தானே கேக்காம போடுவான்?"

"நான் முட்டாள்னு உனக்குத் தோணவே இல்லியா?"

"தோணிச்சு. இவ்வளவுன்னு தோணல."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கு வரவில்லை. டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அகாடமிக்குப் போறேன்னப்ப, விசாரிச்சுதான் போறே, இது பரவாயில்லன்னு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். கேட்டா உன் மனசு ஒடைஞ்சிடுமோன்னு பயம். கேக்காம விட்டதால மூணு வருஷத்தப் பாழாக்கிட்டேன். அதான் ஒவ்வொருத்தருக்கா போன் போடறேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

சொல்லிவிட்டு அழுதாள். நாளெல்லாம் ஊராரின் திட்டை வாங்கியும் கலங்காதவள் என் ஒன்பது நாள் மௌனத்துக்கு அழுதாள். எட்டு வயதிலிருந்து ஒருநாள்கூட எவனும் என் உடையைப் பார்த்துச் சிரித்ததில்லை. அது என் ராசி என்று நினைத்திருந்தேன். ராசியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறாள், இருபத்தெட்டு வயதிலும் விடாமல் செய்கிறாள்.

"பாழாகல அக்கா. ஓடினது என் கால்தானே, என்கிட்டதான் இருக்கு. நீ சாப்பிடு" என்றேன். "தேங்க்ஸ்" என்றும் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது. அவள் காதில் விழாத மாதிரி சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில், "பிசியோ விண்ணப்பத்துல பொய் எழுதாத. கலர் தெரியாதுன்னே எழுது" என்றாள்.

அப்படியே எழுதினேன். பிசியோ கல்லூரி நேர்காணலில் கேள்வி கேட்க மூன்று பேர். ராணுவத்தில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். புள்ளிகளைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திய கதையைச் சொன்னேன், காலரைத் திருப்பியும் காட்டினேன். இருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை நோயாளியாக வைத்துக்கொண்டு படியிறக்கிக் காட்டு என்றார். காட்டினேன், சத்தத்தைக் குறைத்து. இரண்டு வாரத்தில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு, "நான் லிஃப்ட் போட்டு மனுசனோட காலக் கெடுக்கறேன், நீ சரி பண்ணு. வீட்டுலயே தொழில் ஓடும்" என்றார். கீழே மாமா இப்போது யார் கையையும் பிடிக்காமல் இறங்குகிறார். இன்றும் நான் கேப்டன்தான். மறுப்பதை விட்டுவிட்டேன்.

சேர வேண்டிய நாளுக்கு முந்தின மாலை சீருடையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். பழக்கதோஷத்தில் காலருக்குள் விரலை விட்டேன். ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது. என்னவோ போலாகிவிட்டது எனக்கு. சட்டையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"இதுல தையல் இல்ல."

"வெள்ளைக்கு எதுக்குடா? வெள்ள உனக்கே தெரியுமே."

"தெரியும். போடு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊசிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எத்தன?"

"மூணு. மூணு இருந்தாதானே உன்னக் கேக்கணும்."

ஒரு நூலை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, ஊசியில் கோத்தாள். காலரைத் திருப்பிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று. பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"என்ன கலர் நூலு?" என்று கேட்டேன்.

"சிவப்பு."

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது பழுப்பாகத்தான் தெரிந்தது. அக்கா சிவப்பு என்கிறாள். அப்படியென்றால் சிவப்புதான்.